றங்குப்பெட்டியும் பொப்பிசையும்

ஈழத்துப் பொப் பாடல்களின் வரலாற்றை எழுதப்போகிறேன் என்றதும் எங்களூர் மௌலவி கேட்டார்: "வெளியேற்றத்தை எழுத ஆளில்லாமல் கிடக்குது, உமக்குக் கூத்தும் பாட்டுமா தம்பி?" கேள்வியில் நியாயம் இருந்தது. (பௌத்த பக்திப் பாடல்களில் சிங்கள மக்கள் நெஞ்சில் வைத்திருக்கும் குரல் சேலத்தில் பிறந்த மொஹிதீன் பேக்குடையது என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.)

2018 ஜனவரியில் ஏ.ஈ. மனோகரன் சென்னையில் காலமானார். கேட்கவேண்டியவர்களிடம் இப்போதே கேட்கவேண்டும் என்று அன்றுதான் பட்டது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் மனோகரனின் 'சுராங்கனி'யும் எழுபதுகளில் இலங்கை வானொலியால் கடல் தாண்டியவை. 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்குள்ளும் சுராங்கனி நுழைந்தாள். மேற்கின் கிற்றாரும், போர்த்துக்கேயர் வழிவந்த பைலாத் தாளமும், நம் பேச்சுத் தமிழும் கலந்த இசை அது. கள்ளுக்கொட்டிலைப் பாடியதைப் பண்டிதர்கள் பொருட்படுத்தவில்லை. ஆதலால் குறிப்புகளும் சொற்பம்.

இசைத்தட்டுகளாவது இருக்கவேண்டுமே! வாப்பாவிடம் பதினேழு இருந்தன. 1990 ஒக்டோபரில் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் எல்லாம் வெறுமையாகின. உம்மா குர்ஆனையும் காணி உறுதியையும் எடுத்தார். இசைத்தட்டை யார் சுமப்பார்? அவை றங்குப்பெட்டிக்குள் கிடந்தன. யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை.

முள்ளியவளையில் வாப்பாவின் பழைய கூட்டாளி ஒருவரைத் தேடிப் போனேன். தொண்ணூறுகளில் வன்னிக்கு பற்றரி தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்களாம். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் தேய்ந்துவிடும். அவர் சேர்த்த கசெற்றுகள் 2009இல் முள்ளிவாய்க்காலோடு போயின. மூத்த மகனும்தான். அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் பாட்டுக்கே திரும்பினார்.

"உங்கட வாப்பான்ர தட்டுகளிலதான் தம்பி, நான் முதன்முதல் சுராங்கனி கேட்டனான்" என்றார்.

றங்குப்பெட்டி என்னவானது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தேநீர் ஆறிப்போகும்வரை இருவரும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் மெதுவாகப் பாடத் தொடங்கினார். ஓரிடத்தில் சொல் எனக்குத் தெரிந்ததிலிருந்து மாறியது. சரிபார்க்கத் தட்டில்லை. அவர் பாடியது வேறு என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். நூலில் எனக்குப் பிடித்த அத்தியாயம் இன்றைக்கும் அதுதான்.

பதிப்பகம் எதுவும் முன்வரவில்லை. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் நூல் எண் பெற்று, மனைவியின் சீட்டுக் காசில் முந்நூறு பிரதி அச்சிட்டேன். முதற்பிரதி வாங்கப் புரவலர் வரவில்லை. பாடல் வரிகள் இல்லையென்று பலருக்குக் குறை. உரிமை பெறாமல் எப்படிப் போடுவது? மௌலவி ஒன்று வாங்கினார், வெளியேற்றம் வரும் பக்கத்தைக் கேட்டு அதை மட்டும் வாசித்தார்.

முள்ளியவளைக்காரர் இரண்டு வாங்கினார். ஒன்று கனடாவிலுள்ள இளைய மகனுக்கு. தபாற்செலவு புத்தக விலையின் மூன்று மடங்கு என்று அறிந்தும் அனுப்பியிருக்கிறார்.