கடைசி நிலையம்

2024ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், அம்மாவை அழைத்துக்கொண்டு கலிபோர்னியாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஃப்ரீமான்ட் என்பது ஊரின் பெயர். நம்மவர்கள் மிகுந்த ஊர். தங்கையும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பியதும் அம்மா தொலைக்காட்சி முன் அமர்ந்துவிடுவார். நான் பார்ட் என்று அங்கே அழைக்கப்படும் ரயிலில் ஏறிப் பெர்க்கிலிக்குப் போய்விடுவேன். ஜார்ஜ் ஹார்ட் தமிழ் கற்பித்த பல்கலைக்கழகம் அது. புறநானூற்றை ஹாங்க் ஹைஃபெட்ஸுடன் சேர்ந்து அவர் ஆங்கிலப்படுத்திய நூல் 1999இல் வெளிவந்தது. தமிழ்ப் பாடம் நடத்திப் பிழைக்கும் ஒருவனுக்கு அந்த ஊரில் கால் வைப்பதில் ஒரு யாத்திரை உணர்வு இருக்கத்தான் செய்கிறது (இதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது).

நான் ஏறும் ரயிலின் நெற்றியில் "ரிச்மண்ட்" என்று எழுத்துகள் ஒளிரும். அதுதான் கடைசி நிலையம். பெர்க்கிலியிலிருந்து கால்மணி நேரம்கூட ஆகாது. ஒருநாள் கடைசி வரை போய்வரலாமா என்று கேட்டபோது, தங்கை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணா, அங்க மட்டும் வேண்டாம். அங்க சுட்டுக்குவாங்க."

அவள் அங்கே குடியேறிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒருமுறைகூட அந்த நிலையத்தில் இறங்கியதில்லை.

நான் போனேன். பார்க்க ஒன்றுமில்லை என்பதுதான் உண்மை. மதிய வெயில், அகன்ற சாலை, மூடியிருந்த சில கடைகள், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் ஒரு தாய். நிலையத்தை ஒட்டியிருக்கும் பகுதிக்கு இரும்பு முக்கோணம் என்று பெயர். மூன்று பக்கமும் தண்டவாளங்கள் சூழ்ந்திருப்பதால் வந்த பெயர். இரண்டாம் உலகப்போரின்போது ரிச்மண்டின் கெய்சர் கப்பல் தளங்களில் 747 கப்பல்கள் கட்டப்பட்டன. அந்த வேலைக்காக லூசியானா, டெக்சாஸ், ஆர்க்கன்சா போன்ற தென்பகுதிகளிலிருந்து கறுப்பின மக்கள் திரளாக வந்தனர். போர் முடிந்தது, தளங்கள் மூடப்பட்டன, வந்தவர்கள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார்கள். கப்பல் கட்டிய பெண்களின் நினைவாக இன்று அங்கே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான் என் தங்கை "சுட்டுக்குவாங்க" என்றாள்.

முழுவதும் தவறாகவும் சொல்லவில்லை. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழ்ந்த அந்நகரில் 2007ஆம் ஆண்டு மட்டும் 47 கொலைகள் நடந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். கொன்றவர்களும் அவ்வாறே.

அதே ஆண்டில் நகராட்சி ஓர் அலுவலகத்தைத் திறந்தது. அக்கம்பக்கப் பாதுகாப்பு அலுவலகம் என்று பெயரைத் தமிழில் சொல்லலாம். டெவோன் போகன் என்பவர் அதன் இயக்குநர். அது காவல்துறையின் கிளை அன்று. அதில் களப்பணிக்கு அமர்த்தப்பட்டவர்கள் பலரும் அதே தெருக்களில் வளர்ந்து, தவறு செய்து, சிறை சென்று திரும்பியவர்கள். அங்கே பேச வேண்டியவர்களிடம் பேசும் தகுதி அவர்களுக்கே இருந்தது. நகரில் நடக்கும் துப்பாக்கிச் சூடுகளில் பெரும்பகுதிக்கு முப்பதுக்கும் குறைவான ஆட்களே காரணம் என்பது காவல்துறைக்குத் தெரிந்திருந்தது. பெயர்களும் தெரியும். வழக்குத் தொடுக்கச் சான்றுகள்தாம் இல்லை.

போகன் அந்த ஆட்களைத் தேடிப்போனார். 2010இல் அவர்களை நகராட்சி மன்றக் கட்டடத்துக்கே அழைத்து ஒரு திட்டத்தை முன்வைத்தார். பதினெட்டு மாதங்களுக்கு நாள்தோறும் ஒருவர் உங்களோடு தொடர்பில் இருப்பார். உங்கள் வாழ்க்கைக்கு ஒரு வரைபடம் தீட்டிக்கொள்வோம். படிப்போ, வேலையோ, ஓட்டுநர் உரிமமோ, அப்பாவோடு சமாதானமோ, எதுவாயினும் அதில் எழுதலாம். ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால், அதன்பின் ஒன்பது மாதங்கள் வரை மாதம் ஆயிரம் டாலர் வரை உதவித்தொகை உண்டு. அத்தொகை தனியார் நன்கொடைகளிலிருந்து தரப்பட்டது. வெளியூர்ப் பயணங்களும் உண்டு. அதற்கு ஒரு நிபந்தனை: தன்னைக் கொல்ல நினைத்தவனோடு, அல்லது தான் கொல்ல நினைத்தவனோடு சேர்ந்து போக வேண்டும்.

அன்றிரவு இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது அம்மா கேட்டார்: "சுடாம இருக்கறதுக்குச் சம்பளமா? அப்ப ஒழுங்கா இருக்கற பிள்ளைக்கு என்னடா குடுப்பாங்க?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அம்மா கேட்ட அதே கேள்வியை நான் ஒருமுறை ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

*

2012ஆம் ஆண்டு. அப்போது நான் வேலை பார்த்த கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. பேருந்து வழித்தடத்தை வைத்து மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து அடித்துக்கொள்ளும் வழக்கத்தைச் சென்னை வாசகர்கள் அறிவார்கள். "ரூட் தல" என்ற சொல்லை அகராதியில் சேர்க்கலாமா என்று ஆசிரியர் அறையில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் பட்டாக்கத்தி வெளியே வந்தது. அதன்பின் வேடிக்கை இல்லை. ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியது. அதில் வயதில் இளையவன் நான்.

காவல் ஆய்வாளர் ஒரு தாளோடு வந்தார். "ஆயிரம் பசங்க இல்ல சார். மூணு ரூட்லயும் சேர்த்துப் பதினஞ்சு பேர்தான்" என்றார். தாளில் பதினைந்து பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, இரண்டாண்டுகள் என்னிடம் பொதுத்தமிழ் படித்தவனுடையது. வகுப்பில் புறத்திணை நடத்தும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவான். அவனுக்கு ஆலோசனை, பகுதிநேர வேலை, ஏதாவது செய்யலாமே என்று குழுவில் மூத்தவர் ஒருவர் சொன்னார். நான்தான் மறுத்தேன். கத்தி எடுத்தவனுக்குச் சலுகை கொடுத்தால் எடுக்காதவன் என்ன நினைப்பான் என்றேன். என் வாதம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. பதினைந்து பேருக்கும் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினோம். "டி.சி. குடுத்தா நான் எங்க ஐயா போவேன்?" என்று அவன் கேட்டது மூத்தவரிடம் அல்ல, என்னிடம்.

அவ்வாண்டின் இறுதியில் ஒரு கொலைமுயற்சி வழக்கில் அவன் பெயர் நாளிதழில் வந்தது. அடுத்த ஆண்டு மீண்டும் வந்தது; இம்முறை வெட்டுண்டு இறந்தவனாக.

ரிச்மண்டில் காவல்துறையின் கையில் இருந்ததும், எங்கள் ஆய்வாளர் கொண்டுவந்ததும் ஒரேவகைத் தாள்தான். அதை அவர்கள் அழைப்பிதழாக்கினார்கள். நாங்கள் வெளியேற்றுவதற்குப் பயன்படுத்திக்கொண்டோம்.

*

ஒரு நகரத்தின் துணிச்சல் மாநிலச் சட்டமாக மாறிய கதை வேறு. அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. கலிபோர்னியாவில் துப்பாக்கி பற்றிய சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பத்து நாள் காத்திருப்பு, பின்னணிச் சரிபார்ப்பு, 1989இலேயே தாக்குதல்வகைத் துப்பாக்கிகளுக்குத் தடை என்று நாட்டிலேயே கண்டிப்பான மாநிலம் அது. அவையெல்லாம் கருவியைப் பற்றிய சட்டங்கள். அவை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரும்பு முக்கோணத்தில் கைமாறிய துப்பாக்கிகளுக்கு யாரும் பத்து நாள் காத்திருக்கவில்லை.

ஆட்களைப் பற்றிய சட்டம் 2019இல் வந்தது. வன்முறைச் சுழலை உடைக்கும் சட்டம் என்பது அதன் பெயர். பஃபி விக்ஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்தார். அதற்கு முன்பே கால்விப் என்ற சுருக்கப்பெயரில் ஒரு மானியத் திட்டம் இருந்தது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தின் தயவில்தான் அது உயிர்வாழ்ந்தது. இச்சட்டம் அதற்கு நிலையான உருவம் கொடுத்தது. வன்முறை மிகுந்த நகரங்களும், அங்கே பணியாற்றும் சமூக அமைப்புகளும் இந்த நிதிக்கு விண்ணப்பிக்கலாம். நகராட்சி பெறும் தொகையில் பாதியையாவது சமூக அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

அச்சட்டத்தைப் பெர்க்கிலியில் உட்கார்ந்து படித்தேன். சட்ட நடையில் நயம் தேடும் பழக்கம் எனக்கில்லை. ஆயினும் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். யாருக்கு இந்தப் பணி என்று சொல்லுமிடத்தில், வன்முறை செய்யவோ அல்லது வன்முறைக்கு ஆளாகவோ மிகுந்த வாய்ப்புள்ள சிறுதொகையினருக்கு என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். செய்பவன் ஒரு பிரிவு, படுபவன் ஒரு பிரிவு என்று சட்டங்கள் இரண்டாகவே பிரிக்கும். இங்கே இருவரும் ஒரே தொடருக்குள், ஒரு "அல்லது"க்கு இருபுறமும் நிற்கிறார்கள். என் மாணவன் பெயர் நாளிதழில் இருமுறை வந்ததை நினைத்துக்கொண்டேன். அந்த "அல்லது" அவனுக்கு ஓராண்டு தூரம்கூட இல்லை.

பணம் எங்கிருந்து வரும் என்பதே பழைய சிக்கல். இதற்குக் கலிபோர்னியா கண்ட வழி விநோதமானது. 1937இல் அமெரிக்க நடுவண் அரசு இயற்றிய பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்படி, வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. துப்பாக்கியால் மான்களும் வாத்துகளும் சாகின்றன, ஆகவே துப்பாக்கி விற்ற காசில் அவற்றைக் காக்கலாம் என்ற எளிய நியாயம். மனிதர்களுக்கும் இதே நியாயத்தை நீட்டலாம் என்று ஒருவருக்குத் தோன்ற எத்தனை ஆண்டுகள் பிடித்தன பாருங்கள். ஜெசி கேப்ரியல் என்ற உறுப்பினர் முன்மொழிந்த மசோதாவில் 2023 செப்டம்பரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட்டார். கலிபோர்னியாவில் விற்கப்படும் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் மாநிலத்தின் கணக்கில் மேலும் 11 விழுக்காடு வரி, 2024 ஜூலை 1 முதல். அதில் முதற்பங்கு, ஆண்டுக்கு 7.5 கோடி டாலர் வரை, கால்விப் திட்டத்துக்கு. துப்பாக்கி உரிமை அமைப்புகள் உடனே வழக்குத் தொடுத்தன. அதில் வியப்பில்லை. எனக்கு உறுத்துவது வேறு: துப்பாக்கி விற்பனை குறைந்தால் அமைதிப் பணிக்கான பணமும் குறையும். இந்த முரணுக்கு விடை எதுவும் எனக்குத் தென்படவில்லை.

ரிச்மண்டில் பலன் கிடைத்ததா? 2014இல் கொலைகள் 11 ஆகக் குறைந்தன. அதற்கு இந்த அலுவலகம் ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. காவல்துறையும் அந்த ஆண்டுகளில் மாறியிருந்தது. திட்டத்தை ஆராய்ந்து 2019இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்விதழில் வெளியான கட்டுரை, துப்பாக்கியால் நேர்ந்த இறப்புகளும் மருத்துவமனை வருகைகளும், திட்டம் இல்லாதிருந்தால் எதிர்பார்க்கத்தக்க அளவைவிட 55 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. அதே கட்டுரை, துப்பாக்கியில்லாத வன்முறையின் இறப்புகளும் காயங்களும் 16 விழுக்காடு கூடியதாகவும் சொல்கிறது. இந்த இரண்டாவது எண்ணைப் பலர் மேற்கோள் காட்டுவதில்லை. எனக்கு அது முக்கியம். கோபம் போய்விடவில்லை, துப்பாக்கியிலிருந்து கைக்கு இறங்கியிருக்கிறது. கைச்சண்டையில் தப்பியவன் மறுநாள் பேசுவதற்கு உயிரோடிருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது சமாதானம் மட்டுமே.

*

நம் மரபில் இந்த வேலைக்குத் துறைப்பெயரே உண்டு: துணைவஞ்சி. போருக்கு எழுந்தவனைச் சந்து செய்து நிறுத்துவது. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்க, நெடுங்கிள்ளி உள்ளே அடைத்துக்கொண்டிருக்க, கோவூர்கிழார் இருவரையும் பார்த்துப் பேசினார். இருவரும் சோழர், இருவர் சூடியதும் ஆத்தி. மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடவிருந்த கிள்ளிவளவனை நிறுத்தப் பேசியவரும் அவரே. ரிச்மண்டின் களப்பணியாளர் நள்ளிரவில் மருத்துவமனை வாசலில், சுடப்பட்டவனின் தம்பியிடம் பேசுவதைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான். ஆனால் இதையும் சொல்லிவிட வேண்டும். அதே நெடுங்கிள்ளியை அடுத்த இரண்டு பாட்டுகள் தள்ளி, "காரியாற்றுத் துஞ்சிய" என்ற அடைமொழியோடு சந்திக்கிறோம். ஒருமுறை நிறுத்தியது போதவில்லை. ஒருவர் தொடர்ந்து அங்கேயே இருந்தாக வேண்டும்; இருப்பதற்குச் சோறு வேண்டும்.

2025 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் நூற்றுக்கணக்கான மானியங்களை இடையிலேயே ரத்து செய்தது. தெருவன்முறையைத் தடுக்கும் அமைப்புகள் பலவற்றின் பணமும் அதில் போயிற்று. செய்தி வந்த வாரம் நான் இங்கே முதலாமாண்டு மாணவர்களுக்கு அந்தப் புறநானூற்றுப் பாட்டைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் ரிச்மண்டைப் பற்றியும், மாதம் ஆயிரம் டாலர் பற்றியும், தோட்டாவுக்கு வரி போட்டதைப் பற்றியும் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"ஐயா, கோவூர்கிழாருக்கு யார் சம்பளம் குடுத்தாங்க?"

"பரிசில் பெற்றிருப்பார். அரசர்கள்தாம் கொடுத்திருப்பார்கள்" என்றேன்.

"சண்ட போடுற ராசாவேவா?"

வகுப்பு சிரித்தது. நான் ஆமாம் என்றேன். அவன் உட்காரவில்லை, வேறு ஏதோ கேட்க நின்றுகொண்டிருந்தான். அதற்குள் மணி அடித்துவிட்டது.