சாவியைத் திருப்பினால் "டக்"!

கார் கிளம்பாவிட்டால் அது ஆண்கள் சமாசாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கிக் கொள்கிறோம். எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. என்னவருக்கு வெளியூரில் வேலை. மாமனாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்; காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இருபது வயது தாண்டிய எங்கள் காரை ஓட்டுவது நான்தான்.

சென்ற மாதம் இரண்டு தடவை அது மக்கர் பண்ணியது. சாவியைத் திருப்பினால் ஒரு "டக்", அவ்வளவுதான். ஆட்டோ பிடித்துப் போனோம். "பரவாயில்லைம்மா" என்று மாமனார் சொன்னாலும், வீங்கிய அவர் கால்களைப் பார்த்தால் மனசு கேட்குமா? மெக்கானிக் தம்பியோ போனிலேயே, "ஸ்டார்ட்டரை மாத்திடலாம்க்கா" என்றார். பார்க்காமலே மாற்றுவதா!

அந்தக் காலத்தில் காரின் முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்புவார்களாம். அது திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ல் காடிலாக் காரில் வந்தது. அதன் பிறகுதான் பெண்கள் தனியே கார் எடுப்பது சுலபமாயிற்று. நமக்கும் இதில் கொஞ்சம் உரிமை உண்டு!

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். விளக்கு பளிச்சென்றே இருந்து, கார் வாயே திறக்காவிட்டால் சாவி ஸ்விட்சிலோ ரிலேயிலோ கோளாறு இருக்கலாம். விளக்கு மங்கினால் பாட்டரியையோ அதன் இணைப்பையோ பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டரே இறுகிப் போனாலும் மங்கும். எங்களுடையது எண்ணெய் தீர்ந்த அகல் மாதிரி மங்கிற்று.

பாலிடெக்னிக் படிக்கும் பையனின் மீட்டரை வாங்கி வைத்துப் பார்த்தேன். 12.6 வோல்ட். ராத்திரி முழுக்க ஓய்ந்திருந்த பாட்டரிக்கு அது முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். பையனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். பாட்டரியின் ஈயக் குமிழில் 12-க்கு மேலேயே நின்றது. அதைக் கவ்விய கிளாம்ப்பில் வைத்தால் சரேலென்று இறங்கியது! இரண்டுக்கும் நடுவில் வெள்ளையும் பச்சையுமாய் உப்புப் பூத்திருந்தது. விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கு நூறுக்கும் மேல் வேண்டும். அடைத்த குழாயில் சொம்பு நிரம்பும், அண்டா நிரம்புமா?

வளையல்களைக் கழற்றி, தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் செருகிக் கொண்டேன். சகோதரிகளே, இதை மறக்கவே கூடாது. நகை இரண்டு முனையையும் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து தோலைப் பொசுக்கிவிடும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வேறு வரும். பக்கத்தில் நெருப்பு கூடாது. மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பானர் காரின் இரும்பில் பட்டுப் பொறி பறக்கும்.

அப்புறம் நம்ம சமையலறை வைத்தியம்தான். வெந்நீரில் ஆப்ப சோடா, பழைய பல் பிரஷ். பொங்கி நுரைத்து உப்பெல்லாம் கரைந்தது. (பாட்டரி மூடிக்குள் சொட்டு கூட இறங்கக் கூடாது.) துடைத்து, உப்புத் தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே வாஸலின் தடவினேன்.

ஒரே திருப்பில் கிளம்பியது. ஓடும்போது மீட்டரில் 14 வோல்ட். ஆல்டர்னேட்டரும் சார்ஜ் ஏற்றுகிறது என்று அர்த்தம். மாமனார் திண்ணையிலிருந்து, "என்னம்மா, ஸ்டார்ட்டர் மாத்தியாச்சா?" என்றார். "சோடா உப்பு போட்டேன் மாமா" என்றேன். மெக்கானிக் தம்பிக்குத்தான் இன்னும் சொல்லவில்லை.