தையல் நிற்காத இடம்

கட்டிலுக்கு அடியில் ஒரு பாட்டில். அதில் கொஞ்சம் தண்ணீர். மூடி வழியாக இறங்கும் குழாயின் நுனி தண்ணீருக்குள் இரண்டு சென்டிமீட்டர் அமிழ்ந்திருக்கிறது. குழாயின் மறுமுனை ஆறு வயதுச் சிறுமியின் வலப்பக்க விலா எலும்புகளுக்கு நடுவே போகிறது. அவள் இருமினால் தண்ணீர் கொப்பளிக்கிறது. அழுதால் இன்னும் வேகமாகக் கொப்பளிக்கிறது. நேற்று ராத்திரி தூங்கும்போது மூச்சு வெளியேறும் ஒவ்வொரு முறையும் ஒரு குமிழி எழும்பி உடைந்தது.

வேலூரில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு. அம்மா ஆம்பூர்க்காரி. ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் வேலை. கம்பெனி வண்டி காலையில் தெருமுனைக்கு வந்து அவள் இல்லாமலே போகிறது. போகாத நாளுக்குக் கூலி கிடையாது. அதைப் பற்றி அவள் பேசவில்லை. பாட்டிலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"சிஸ்டர், நேத்து ராத்திரி சும்மா இருக்கும்போதே வந்துகினு இருந்துச்சி. இப்போ இருமுனாதான் வருது."

சிஸ்டர் குனிந்து பார்க்கிறார். அவள் சொன்னதையே நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

நிமோனியாவில் தொடங்கிய நோய் இது. கிருமி நுரையீரலின் ஒரு பகுதியை அழுகச் செய்துவிட்டது. நெஞ்சுக்கூட்டில் சீழ் கட்டியது. சீழை வெளியேற்றக் குழாய் போட்டார்கள். சீழ் வடிந்தது, காய்ச்சலும் இறங்கியது, காற்று மட்டும் நிற்கவில்லை. அழுகிய இடத்தில் விழுந்த ஓட்டை வழியாக அது கசிந்துகொண்டே இருக்கிறது. கசியும் காற்று வெளியே போகலாம், வெளிக்காற்று உள்ளே நுழையக் கூடாது. அந்தக் காவல்தான் தண்ணீரின் வேலை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பியூலா என்ற மருத்துவர் 1875-இல் கையாண்ட முறை, இன்றும் மாறவில்லை.

டாக்டரம்மா வருகிறார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். அம்மா எழுந்து நிற்கிறாள்.

"ஓட்டைன்னுதானே சொல்றீங்க டாக்டரம்மா. தைச்சுட முடியாதா?"

"தைக்கலாம்மா. ஆனா அந்த இடம் இப்போ கொழகொழன்னு இருக்கு. ஊசி குத்துற இடமெல்லாம் கிழியும். புதுசா ஓட்டை விழும்."

அம்மா சற்று யோசிக்கிறாள். "ஷூ தைக்கும்போது வவுத்துப் பக்கத்துத் தோல்ல தையல் நிக்காது. அந்த மாதிரியா?"

"அதேதாம்மா."

பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

நெஞ்சைத் திறந்து தைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1948-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். நாட்டில் இத்துறை வேர் பிடித்தது இந்த ஊரில்தான். அந்தக் காலத்தில் நுரையீரலைத் தொட வேண்டுமானால் விலா எலும்புகளை விரித்து நெஞ்சைத் திறக்க வேண்டும். இன்று அது கடைசி வழி. குழந்தைகளில் பெரும்பாலான கசிவு மருந்தாலும் குழாயாலும் தானே அடைபடுகிறது. ஐந்து, ஏழு நாளைத் தாண்டியும் நீடித்தால்தான் அடுத்த யோசனை வருகிறது. பொறுத்திருப்பதும் வைத்தியம்தான், அதற்கும் திறமை வேண்டும். இந்த வார்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அது புரியும்.

ஏழு நாள் தாண்டிவிட்டது. கிருமி அடங்கிவிட்டதா என்று ஒருமுறைக்கு இருமுறை சோதித்துக்கொள்கிறார்கள். ஓட்டையை அடைக்க உள்ளே விடப்போகும் ரத்தம் அடங்காத கிருமிக்குத் தீனியாகிவிடும். பிறகு, மயக்கம் கொடுத்து, சிறுமியின் கையிலிருந்தே ரத்தம் எடுக்கிறார்கள். கிலோ எடைக்கு இரண்டு மில்லி என்ற கணக்கு. அவள் எடை பதினாறு கிலோ, ஆக முப்பது மில்லிக்குச் சற்றே மேல். எடுத்த ரத்தம் ஊசிக்குழலிலேயே உறைவதற்குள் நெஞ்சுக் குழாய் வழியாக உள்ளே போகிறது. தாமதிக்க நேரமில்லை. யாரும் பேசவில்லை.

குழாயைக் கிடுக்கி போட்டு அடைக்கவில்லை. அடைத்தால் கசியும் காற்று உள்ளே தேங்கி நுரையீரலை நசுக்கும். அதனால் குழாயை உயர்த்தி, சலைன் ஸ்டாண்டில் வளைத்துத் தொங்கவிடுகிறார்கள். ரத்தம் திரும்பி வழியாது, காற்று மட்டும் ஏறிப் போகும். சிறுமியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள். உள்ளே உறையும் ரத்தம் ஓட்டையின் மேல் படிந்து ஒட்ட வேண்டும். இவ்வளவுதான் சிகிச்சை. ஊசி, குழாய், பிள்ளையின் சொந்த ரத்தம்.

இதிலும் நிற்காவிட்டால்? பயிற்சி மருத்துவர்களுக்கு டாக்டரம்மா மெல்லிய குரலில் சொல்கிறார். வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் கேமரா வைத்த மெல்லிய குழலை இறக்குவார்கள். ஒவ்வொரு கிளையாகச் சின்ன பலூனால் அடைத்துப் பார்ப்பார்கள். எந்தக் கிளையை அடைக்கும்போது பாட்டிலில் குமிழி நிற்கிறதோ, கசிவு அந்த வழியில். அங்கே பசை வைக்கலாம், ஒருவழி வால்வு பொருத்திச் சில வாரம் கழித்து எடுத்துவிடலாம். ஆனால் அந்த வால்வுகள் பெரியவர்களின் அளவுக்குச் செய்தவை. சின்னப் பிள்ளைகளின் கிளைகளுக்கு எளிதில் பொருந்துவதில்லை. பிள்ளைகளுக்கென்று செய்த கருவி எவ்வளவு குறைவு என்பதைக் கேட்கும்போது மனம் கனக்கிறது.

இந்தச் சிறுமிக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. குமிழி நின்று ஒரு நாள் பொறுத்து, படம் எடுத்துப் பார்த்து, குழாயை உருவினார்கள். விலாவோரம் விரல் நுனி அளவுக் காயம். சிறுமி கேட்ட முதல் பொருள் ஆரஞ்சு ஐஸ். கிடைக்கவில்லை, அதற்கும் அழுதாள்.

அம்மா போனில் மாமியாரிடம் பேசுகிறாள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி தமிழ்நாட்டில் 2021 ஜூலையிலிருந்து ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணையாக இலவசம். மூத்தவள் பிறந்தபோது அது இலவசமாக இல்லை. எல்லா நிமோனியாவையும் அந்த ஊசி தடுக்காது, ஆனால் ஒரு பங்கைத் தடுக்கும்.

"அத்தே, சின்னவனுக்கு ஒம்போது மாச ஊசி நாளைக்கே போட்டுனு வந்துடுங்க. சளி புடிச்சா மூச்ச எண்ணுங்க. கடிகாரத்த வெச்சுகினு முழுசா ஒரு நிமிஷம். அம்பதத் தொட்டுச்சுன்னா காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க."

பக்கத்துக் கட்டிலுக்கு அன்று காலைதான் ஒரு குழந்தை வந்திருக்கிறது. அதன் தாய் இதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், "அக்கா, என் பொண்ணுக்கு ரெண்டு வயசு. அதுக்கு எவ்ளோ?" என்கிறாள்.

"உன் பொண்ணுக்கு நாப்பது. வா, எப்பிடி எண்றதுன்னு காட்றேன்."