ஐம்பது வயதுப் பாவை



சென்ற ஆண்டு நம் பங்கின் தாய்மார் சிலருடன் கொல்லிமலைக்குச் சென்றிருந்தோம். பேருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் பாதிப்பேருக்குத் தலை சுற்றியது. அருகில் அமர்ந்திருந்த அம்மையாருக்கு அகவை 52, கணவரை இழந்தவர், மக்களுக்கு மணம் முடித்தவர். "இனி எனக்கு என்ன இருக்கிறது சாமி? எல்லாம் முடிந்துவிட்டது" என்றார். ஆறுதல் என்றெண்ணி நாமும் தலையசைத்தோம்.

மலைமேல் கொல்லிப்பாவையின் கதையைக் கூறினோம். தெய்வம் அமைத்த அப்பாவை காற்றும் மழையும் நிலநடுக்கமும் தாக்கினும் எழில் குன்றாது என்பது நற்றிணை தரும் செய்தி. மாயச் சிரிப்பால் மயக்கிக் கொல்லும் என்பது செவிவழிக் கதை.

"அந்தப் பாவைக்கு மூட்டுவலியே வராதா சாமி?" என்று அவ்வம்மையார் வினவ, யாவரும் நகைத்தோம். கதை வளர்ந்தது. பாவைக்கு ஐம்பது வயதானால்? மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பகைவன் கடந்து போயிருப்பான். மாயச் சிரிப்பைத் தொடங்கும்போதே அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வரும்! "எவரேனும் இதை நகைச்சுவை நாவலாக எழுதலாமே" என்றோம்.

"கதையில் பதினாறு வயதுக்குத்தானே சாமி இடம்?" என்றார் அவர்.

அச்சொல் நம்மைத் தைத்தது. அப்போது அம்மலையிலேயே வாழ்ந்த எவ்லின் பிராண்டு அம்மையார் நம் நினைவில் எழுந்தார். 1879இல் பிறந்த ஆங்கிலேயர், பிறசபை ஊழியர். அவர் கணவர் ஜெஸ்ஸி 1929இல் அம்மலையில் காய்ச்சலுக்குப் பலியானபோது இவருக்கு வயது ஏறத்தாழ 50. எழுபதை நெருங்கியபோது சபை ஓய்வளித்தது. ஓய்வைப் பெற்றுக்கொண்டவர் மீண்டும் மலையேறிவிட்டார்! குதிரைமீதும், பின்னர் மூங்கில் தடிகளை ஊன்றியும் ஊர் ஊராகச் சென்று மக்களுக்குத் தொண்டாற்றி, 1974இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார். இறுதி இருபது ஆண்டுகள் தம் இல்லத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியே அவர் வைத்திருக்கவில்லை என்பது, தொழுநோய் அறுவை மருத்துவரான மகன் பால் பிராண்டு கூறிய செய்தி.

இதனைச் சொல்லி, "பேருந்தில் நாம் தலையசைத்தது தவறு, அம்மா" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை.

மறுவாரம் ஞாயிறு பூசைக்குப்பின் அவர் வந்தார். பங்கில் படுக்கையிலிருக்கும் நோயாளிகள் பதினோரு பேரின் பெயர்கள் அவர் கையில் இருந்தன.

"மூட்டுவலி எப்படி, அம்மா?" என்றோம்.

"அது இருக்கிறது சாமி. படியில் நின்று நின்று ஏறுகிறேன்" என்று சிரித்தார்.

அச்சிரிப்பு எவரையும் கொல்லவில்லை.