கடல்மட்டத்தில் ஒரு வழி

அட்லாண்டிக் பெருங்கடலைக் கப்பலேறிக் கடப்போர் இந்நாளில் மிகச் சிலரே. எட்டு மணி நேரத்தில் பறந்து சேரக்கூடிய நகருக்கு ஏழு இரவுகள் மிதந்து செல்ல எத்தனை பேருக்கு நேரமிருக்கிறது? 2024 அக்டோபர் இறுதியில், எம் தமையனாரோடும் அண்ணியாரோடும் நாம் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்கிற்குக் 'குயின் மேரி 2' கப்பலில் செல்ல நேர்ந்தது ஒரு வாயுக் குமிழியினால்.

இங்கிலாந்தில் நெடுநாள் வாழ்ந்துவரும் தமையனாருக்குச் செப்டம்பர் இறுதியில் வலக்கண்ணின் விழித்திரை கழன்றுவிட்டது. அறுவை செய்த மருத்துவர், விழித்திரை மீண்டும் ஒட்டிக்கொள்ளும்வரை அதைத் தாங்கிப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுவைச் செலுத்தியிருந்தார். அது முற்றிலும் கரைய இரண்டு மாதம் வரை ஆகலாம். அதுவரை விமானம் ஏறலாகாது. பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயர மலைமேல் இருப்பதைப் போல் குறையக்கூடும். அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். கண்ணுக்குள் விரியும் வாயு பார்வையையே பறித்துவிடும். நியூயார்க்கிலோ அவருடைய ஒரே மகளுக்கு நவம்பர் 9ஆம் நாள் திருமணம். கடல்மட்டத்திலேயே செல்லும் வழி ஒன்றுதான் எஞ்சியது. திருமணத்தை நடத்தி வைக்க வேண்டியவர் நாம் ஆதலால், ஊரிலிருந்து வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டோம்.

விமானப் பயணத்தில் எடைக் கருவி நம் ஆசைக்குக் கடிவாளம் இடுகிறது. கப்பலில் அக்கெடுபிடி இல்லை. எனவே அண்ணியார் ஐந்து பெட்டிகளை நிரப்பினார். உள்ளே மூன்று குடைகள் வேறு. பவுலடியார் உரோமைக்குச் சென்ற கப்பலும் ஆண்டின் இப்பருவத்தில்தான் புயலில் சிக்கியது. மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்களையும், இறுதியில் கோதுமையையும் கடலில் எறிந்தார்கள் எனத் திருத்தூதர் பணிகள் கூறுகிறது. பெட்டிகளைக் கண்டதும் அப்பகுதி எம் நினைவுக்கு வந்தது. வாய் திறக்கவில்லை.

குடையால் அங்கே பயனில்லை. வட அட்லாண்டிக்கில் பெரும்பாலும் மேற்கிலிருந்தே காற்று வீசும். எம் கடற்கரையில் அதைக் கச்சான் என்போம். கப்பலும் மேற்கு நோக்கி மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. எதிர்க்காற்றின் வேகமும் கப்பலின் வேகமும் கூடி, மேல்தளத்தில் நிற்பவர் முகத்தில் அறைகின்றன. மென்காற்று என்று அறிவிக்கப்படும் நாளிலும் தொப்பி பறக்கும். இதற்குத் தடித்த மேலங்கி ஒன்றைவிட மெல்லிய ஆடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே ஏற்றது. அவற்றின் மேல் காற்றுப் புகாத சட்டை, காதை மூடும் கம்பளித் தொப்பி, வழுக்காத காலணி. உள்ளே வந்தால் வெதுவெதுப்பு, ஒவ்வொன்றாகக் களைந்துவிடலாம். விருந்து மாலைகளில் கறுப்புக் கோட்டு அணிய வேண்டுமென்பது வழக்கம். தம் நாட்டு உடையிலும் வரலாம் என்கின்றனர். தமையனார் பட்டு வேட்டியிலேயே சென்றார். கடலுக்கு நடுவே இத்தனை உடைமாற்றம் எதற்கு என்பது எமக்கு இன்றும் விளங்கவில்லை.

துறைமுகத்தில் பெட்டிகளை வாங்கிக்கொள்கின்றனர். அவை அறை வாசலுக்கு வந்து சேர நேரமாகும். ஆகவே இன்றியமையாதவை கைப்பையில் இருக்க வேண்டும். எங்கள் கைப்பையில் இருந்தவை கண்ணுக்கான சொட்டுமருந்து, மருத்துவரின் கடிதம், கடவுச்சீட்டுகள், குமட்டலுக்கு இஞ்சி மரப்பா, தாலி. மாப்பிள்ளை அமெரிக்கர், ஆதலால் தாலியும் பெண் வீட்டார் பொறுப்பாயிற்று. எம் பங்குக்குத் திருப்பலிக்குரிய சிறு பெட்டியொன்றும் வந்தது. அறையில் மெழுகுவர்த்தி ஏற்றத் தடை. கடலோடிகள் புயலுக்கு அஞ்சுவதினும் தீக்கு அஞ்சுவர். மின்கலத்தில் எரியும் சிறு விளக்கை வைத்துக்கொண்டோம். கிண்ணத்தின் அடியில் விரிக்க இரப்பர்த் துண்டு ஒன்றும் எடுத்துச் சென்றது நல்லதாயிற்று.

சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்கிற்குத் திருமணம் நடத்தப் புறப்பட்ட குருவானவர் ஒருவர் முன்பும் இருந்தார். 1912 ஏப்ரல் 10ஆம் நாள் டைட்டானிக் கப்பலில் இரண்டாம் வகுப்பில் ஏறிய தந்தை தாமஸ் பைல்ஸ், தம் தம்பி வில்லியமின் திருமணத்திற்குச் சென்றுகொண்டிருந்தார். மூழ்கும் கப்பலில் மக்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் வழங்கி, அவர்களோடு செபித்து நின்றார் எனப் பிழைத்தோர் கூறினர். தம்பியின் திருமணம் ஒத்திப்போடப்படவில்லை. வேறொரு குருவானவர் அதை நடத்தினார். இவ்வரலாற்றை அண்ணியாரிடம் நாம் கூறவில்லை. தமையனார் அறிந்திருந்தார்.

நான்காம் நாள் நண்பகல் அறிவிப்பில், இரவு கடும்புயற்காற்றை எதிர்பார்க்கலாம் எனக் கப்பல் தலைவர் கூறினார். மேல்தளக் கதவுகள் அடைக்கப்பட்டன. 345 மீட்டர் நீளமுள்ள கப்பல் அது; பக்கவாட்டு உருளலைத் தணிக்க, நீருக்கடியில் மீன்செவுள் போல் விரியும் துடுப்புகள் உண்டு. முன்னும் பின்னும் எழுந்து விழும் ஆட்டத்தை அவற்றால் தடுக்க இயலாது. அண்ணியார் இஞ்சி மரப்பாவோடு படுத்துவிட்டார்.

தமையனாரோ தம் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றழுத்தத்தைக் காட்டும் கடிகாரம் அது. காலையில் 1,012 மில்லிபார். இரவு பத்து மணிக்கு 976. புயல் என்பதே அழுத்தம் குறைந்த காற்றுதானே! கடல்மட்டத்தில் சென்றாலும் மலை எங்களைத் தேடி வந்துவிட்டது. கணக்கிட்டுப் பார்த்தோம். ஏறத்தாழ 300 மீட்டர் உயரக் குன்றில் ஏறியதற்குச் சமம். அவ்வளவு தாங்கும் என்று மருத்துவர் முன்னரே கூறியிருந்தார். கணக்கு எங்கள் இருவருக்கும் புரிந்தது, உறக்கந்தான் வரவில்லை.

நாம் குருப்பட்டம் பெற்ற நாள் முதல் எம்மைச் 'சாமி' என்றே அழைத்து வந்தவர் அவர். அன்றிரவு தாலிச் சிமிழை எடுத்து எம் கையில் வைத்து, "தம்பி, இது உன்னிடம் இருக்கட்டும். கண்ணுக்கு எதுவும் ஆகி என்னைக் கரையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும், கல்யாணத்தை நிறுத்தாதே" என்றார். சரி என்றோம். வேறு என்ன சொல்வது? அவர் கையைப் பிடித்துக்கொண்டே அமர்ந்திருந்தோம். பின்னிரவில் கடிகாரம் 979 காட்டியது, பிறகு 983. விடிந்தபோது காற்று வடமேற்குக்குத் திரும்பி, கடுங்குளிராய் அடித்தது. வானம் கழுவியதுபோல் தெளிந்திருந்தது. அண்ணியார் எழுந்து, சொட்டுமருந்துக்கு நேரமாயிற்றே என்று எங்களைக் கடிந்துகொண்டார். கப்பலில் இரவில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போவதால், மருந்துக்கென்று இங்கிலாந்து நேரத்திலேயே ஒரு கடிகாரத்தை அவர் மாற்றாமல் வைத்திருந்தார்.

கடைசி நாள், விடியுமுன்னே நியூயார்க் துறைமுக வாயிலில் உள்ள வெரசானோ பாலத்தை நெருங்கினோம். கப்பலின் புகைபோக்கிக்கும் பாலத்திற்கும் இடையே சில மீட்டர் இடைவெளியே உண்டு. அதைக் காணப் பயணிகள் எல்லாரும் மேல்தளத்தில் கூடினர். கொண்டுவந்த கம்பளி அனைத்தையும் அணிந்தும் நடுங்கினோம். தமையனார் அண்ணாந்து, நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். கண்ணில் வாயு கரையக் கரையப் பார்வை மேலிருந்து கீழாகத் திரும்பும். அதன் விளிம்பு டம்ளரிலுள்ள தண்ணீரின் மட்டம்போல் ஆடிக்கொண்டிருக்கும் என்பார்.

"கீழே எல்லாம் ஆடுகிறது" என்றார். "மேலே விளக்குகள் தெரிகின்றன, சாமி."