கைக்குள் ஒரு கடைத்தெரு

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவனுக்கு வியாபாரத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் கடை வைத்தவனல்லன். ஆனால் என்னிடம் ஓதும் பிள்ளைகளின் தகப்பனார்கள் பெரும்பாலோர் சிறு வியாபாரிகள். பிள்ளையை அழைத்துச் செல்ல வரும்போது செல்பேசியை நீட்டி, "ஹஜ்ரத், இதுல என்னமோ இங்கிலீஷ்ல வந்திருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்பார்கள். கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றவன் என்பதால் நானும் படித்துச் சொல்வேன். அப்படிப் படித்ததிலிருந்து நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன்.

நம் கொங்கு மண்ணின் வியாபாரம் ஆள் வந்து வாங்கும் வியாபாரம். திருப்பூர் காதர்பேட்டையில் பனியன், ஈரோடு கனி மார்க்கெட்டில் ஜவுளி, கோவை ஒப்பணக்கார வீதியில் துணிமணி, பொள்ளாச்சியில் தேங்காய் என்று எதை எடுத்துக்கொண்டாலும், வாங்குபவர் நேரில் வந்து, தொட்டுப் பார்த்து, பேரம் பேசி வாங்குவதே வழக்கம். கடைக்கு முன்னால் ஆள் நடமாட்டம் இருக்கும் வரையில் அதில் ஒரு குறையும் இல்லை.

நடமாட்டம் நின்றுவிட்டால் என்ன ஆகும்? கோவைவாசிகள் அதை இருமுறை கண்டார்கள். 1997-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த கலவரமும், 1998 பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகளும் எல்லாச் சமயத்தவரின் வீடுகளிலும் கண்ணீரை வரவழைத்தன. ஒரு தெருவினர் அடுத்த தெருவுக்குச் செல்லத் தயங்கிய அந்நாட்களில், உயிர்களை இழந்த துயரத்தோடு பலருடைய பிழைப்பும் முடங்கியது. பின்னர் 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. கதவைத் திறக்க இயலாத கடைக்காரர்களுள், வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்திருந்தவர் ஏதோ கொஞ்சம் விற்றார். குறித்து வைக்காதவர் பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவை அடைத்துவிட முடியும்; வாடிக்கையாளரின் பட்டியலை யாரும் அடைத்துவிட முடியாது. நான் சொல்ல வந்தவற்றுக்கெல்லாம் அடிப்படை இதுதான்.

விளாங்குறிச்சியில் 2010-ஆம் ஆண்டு முதல் டைடல் பூங்கா இயங்கி வருகிறது. கடல் கடந்த நாடுகளுக்கெல்லாம் மென்பொருள் எழுதித் தரும் ஊர் இது. அதே ஊரில் கோட்டைமேட்டிலும் கரும்புக்கடையிலும் உள்ள நம் கடைக்காரர், "கம்ப்யூட்டர் எல்லாம் பெரிய ஆட்களுக்கு" என்று ஒதுங்கி நிற்கலாமா? அவருக்கு வேண்டிய கருவிகளில் பெரும்பாலானவை காசில்லாமலே கிடைக்கின்றன. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலாவது, கூகுள் வரைபடத்தில் உங்கள் கடையின் பெயரைப் பதிவது. அண்மையில் குடிவந்த ஒருவர் "அருகில் தையற்கடை" என்று தேடினால், பதிந்த கடைதான் கண்ணில் படும். கடைப்பெயர், முகவரி, திறக்கும் நேரம், விடுமுறை நாள், நான்கு நல்ல படங்கள் இவை போதும். இதற்குக் கட்டணம் கிடையாது. "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை வரைபடத்திலிருந்து நீக்கப்படும்" என்று யாரேனும் அழைத்தால் ஏமாற்றுக்காரர் என்று அறிந்து தொடர்பைத் துண்டித்து விடுங்கள்.

இரண்டாவது, வாட்ஸ்அப் பிசினஸ். சிறு வணிகருக்கென்றே 2018 ஜனவரியில் வெளியான இந்தச் செயலியும் இலவசமே. பொருளின் படத்தையும் விலையையும் வரிசையாக அடுக்கி வைக்கலாம். "முன்பணம் தந்தவர்", "பொருள் அனுப்பியாயிற்று" என்று வாடிக்கையாளரை அடையாளமிட்டுப் பிரிக்கலாம். பெருநாளைக்குப் புதுச்சரக்கு வந்ததைப் பலருக்கு ஒரே தடவையில் அறிவிக்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் பேசியில் பதிந்து வைத்தவர்களுக்கே அந்த அறிவிப்பு போய்ச் சேரும். ஆகவே பில் போடும்போதே, "எங்கள் எண்ணைப் பதிந்து கொள்ளுங்கள்" என்று பணிவாகச் சொல்லப் பழகுங்கள். அனுமதி தராதவருக்கு அனுப்பாதீர்கள். நாள்தோறும் செய்தி அனுப்பித் தொல்லை கொடுப்பவரை யாரும் விரும்புவதில்லை.

மூன்றாவது, கணக்கு. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின் ஒழுங்கான பில் இல்லாமல் தொழில் நடத்துவது கடினமாகிவிட்டது. 1996-இல் தொடங்கப்பட்டு, இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் ஜோஹோ நிறுவனம், பில் தயாரிக்கும் தன் இன்வாய்ஸ் மென்பொருளை இலவசமாகவே தருகிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று பிள்ளைகளிடம் கேட்பேன். தொழுகை என்பான் ஒருவன், நோன்பு என்பான் மற்றொருவன். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்று சொன்னால் வியந்து போவார்கள். எழுதாத கணக்கு உறவையும் கெடுக்கும், தொழிலையும் கெடுக்கும்.

நான்காவது, யு.பி.ஐ. 2016 ஏப்ரலில் அறிமுகமான இம்முறை இன்று தள்ளுவண்டி வரை வந்துவிட்டது. ஒன்றை மட்டும் வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி வையுங்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. "பணம் அனுப்புகிறேன், பின் எண்ணை அழுத்துங்கள்" என்று எவர் சொன்னாலும் அது உங்கள் பணத்தைப் பறிக்கும் சூழ்ச்சி. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

ஐந்தாவது, ஓ.என்.டி.சி. எனும் திறந்த வணிக வலையமைப்பு. மத்திய அரசின் முயற்சியால் 2021 டிசம்பரில் உருவான இதன் சோதனை ஓட்டம் 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் தொடங்கியபோது, டில்லி, பெங்களூரு, போபால், ஷில்லாங் ஆகியவற்றோடு நம் கோவையும் ஒன்றாக இருந்தது. பெரிய இணைய அங்காடிகளில் விற்பவரும் வாங்குபவரும் ஒரே நிறுவனத்தின் வாசலுக்குள் நுழைந்தாக வேண்டும். இங்கே அப்படியல்ல. விற்பவர் ஒரு செயலியின் வழியே இணைந்தால், வாங்குபவர் வேறொரு செயலியிலிருந்தும் அவர் சரக்கைக் காணலாம். இதில் சேர்ந்தவுடன் விற்பனை கொட்டும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். ஆயினும் ஒரே முதலாளியின் தயவில் நிற்காத வழி ஒன்று உண்டு என்பதை அறிந்திருப்பது நல்லது. இன்னொரு செய்தியும் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாயைத் தாண்டாமல், தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு வணிகர், 2023 அக்டோபர் 1 முதல் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே இணையச் சந்தைகளின் வழி விற்கலாம். பான் எண்ணைக் கொண்டு அதற்கென ஒரு சேர்க்கை எண் பெற வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே மசாலாப் பொடியும் அபாயாவும் விற்கும் சகோதரிகளுக்கு இது பெரிய வாய்ப்பு.

கருவிகள் மலிவு என்பதால் ஆபத்து இல்லையென்று எண்ணிவிடாதீர்கள். என் மாணவன் ஒருவனின் தகப்பனார் அபாயா தைத்து விற்பவர். இணையத்தில் விளம்பரம் செய்து தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 20,000 ரூபாய் கொடுத்தார். அவரும் அழகாகப் பக்கம் அமைத்துத் தந்தார். மூன்று ஆண்டுகள் வியாபாரமும் நன்றாக நடந்தது. கட்டணத்தை உயர்த்துவதில் மனத்தாங்கல் வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பக்கம் முழுவதும் அந்த முகவரின் மின்னஞ்சலில், அவர் பெயரிலேயே திறக்கப்பட்டிருந்தது. கடை இவருடையது; சாவி அவரிடம்! ஒரே இரவில் பக்கம் மறைந்தது. அவரைக் காப்பாற்றியது அவர் மனைவியின் அளவு நோட்டுதான். துணி தைக்கத் தந்த ஒவ்வொருவரின் அளவுக்கும் பக்கத்தில் அந்தச் சகோதரி தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டை வைத்தே மீண்டும் தொடங்கினார்கள். ஆகவே கணக்கு எதுவாயினும் உங்கள் பெயரில், உங்கள் எண்ணில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். வாடிக்கையாளர் பட்டியலைக் காகிதத்திலும் ஒரு படி எழுதி வையுங்கள்.

விளம்பரத்துக்குச் செலவு செய்பவர்களுக்கு நம் முன்னோர் சொன்ன பழமொழியே போதும்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. ஓர் உதாரணம் பாருங்கள். 1,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்தீர்கள். 40 பேர் விசாரித்து 5 பேர் வாங்கினார்கள். ஒரு வாடிக்கையாளரைப் பெற 200 ரூபாய் ஆகியிருக்கிறது. ஒரு விற்பனையில் உங்கள் இலாபம் 150 ரூபாய் என்றால், அவர் மறுமுறையும் வந்தால்தான் உங்களுக்கு மிச்சம். பார்த்தவர் ஆயிரம் பேர், விருப்பம் தெரிவித்தவர் நூறு பேர் என்ற எண்ணிக்கையில் மயங்கிவிடாமல் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

கடன் கொடுக்கும் செயலிகளிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. கணக்கு எழுத வந்த செயலியே சில மாதங்களில், "உங்களுக்கு 50,000 ரூபாய் தயார்" என்று அழைக்கும். வட்டியை விலக்க விரும்பும் நம் குடும்பங்களுக்குள் அது இப்படித்தான் நுழைகிறது. எழுத்துச் சிறியதாக இருக்கிறது என்பதற்காகப் படிக்காமல் விரலை வைத்துவிடாதீர்கள்.

விற்பவரின் நாணயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு கண்டித்த வரலாற்றை நாம் அறிவோம். ஈரத்தை மேலே வைத்திருந்தால் வாங்குபவர் பார்த்திருப்பாரே என்பதே அந்தக் கண்டிப்பின் சாரம். செல்பேசியில் விற்கும்போது வாங்குபவரால் குவியலுக்குள் கைவிட முடியாது. நீங்கள் காட்டும் படத்தைத்தான் அவர் நம்புகிறார். அடுத்தவர் துணியின் படத்தைப் போடுவதும், மங்கிய நிறத்தைப் பளிச்சென்று காட்டுவதும், உறவினரை வைத்துப் பொய்ப் பாராட்டு எழுதுவதும் ஈரத்தை உள்ளே மறைப்பதற்கு ஒப்பாகும். குறை இருந்தால் அந்தக் குறையையும் படம் எடுத்துக் காட்டுங்கள். திரும்பி வரும் சரக்கும் குறையும், பரக்கத்தும் பெருகும், இன்ஷா அல்லாஹ்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த மாதம் வரைபடத்தில் பெயரைப் பதியுங்கள். அடுத்த மாதம் 10 பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்குங்கள். அதற்கடுத்து பில் மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். இம்மூன்றும் கைவந்த பிறகு விளம்பரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

படித்த இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் மஹல்லாவின் ஒரு கடைக்காரருக்கு, ஒரு சகோதரிக்கு இவற்றை அமைத்துக் கொடுங்கள். கூலி கேட்காதீர்கள். கடவுச்சொல்லை மட்டும் அவர்களே தட்டச்சு செய்யட்டும். அப்போது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.