ஸ்க்ரூட்டினைஸ் பண்ணியாப்பா?

பி.காம் படிக்கிற பையன் வீட்டில் இருந்தால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவனைப் பாதி ஆடிட்டர் என்றே நினைப்பார்கள். சிட்லபாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்டில் 16 வீடுகள். போன வருடம் அசோசியேஷன் பொருளாளர் அங்கிள் (ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர்) கணக்கு நோட்டையும் ரசீது ஃபைலையும் கொண்டுவந்து, "தம்பி, ஒரு தடவை பார்த்துட்டு கையெழுத்து போட்டுக் குடுப்பா" என்றார்.

டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் வந்தபோதெல்லாம் பக்கத்தைப் புரட்டினேன். கூட்டல் சரியாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் "ஸ்க்ரூட்டினைஸ்டு அண்ட் ஃபவுண்ட் கரெக்ட்" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'செக்டு' என்று எழுதினால் கெத்தாக இருக்காதே!

பொதுக்கூட்டத்தில் நோட்டு கைமாறி இரண்டாம் மாடி டீச்சர் பாட்டியிடம் போனது. ஆங்கிலப் பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவர். பத்து நிமிடம் அமைதியாகப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, நீ இதை ஸ்க்ரூட்டினைஸ் பண்ணியா, இல்ல சும்மா பார்த்தியா?"

ஜூன் மாதத் தண்ணி லாரி பில் ஒன்று, 1,800 ரூபாய். ஒரிஜினல் ஒரு இடத்தில், அதன் ஜெராக்ஸ் இன்னொரு இடத்தில். இரண்டுமே செலவில் ஏறியிருந்தது. பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: "அப்போ அந்தப் பணம் யார் பாக்கெட்டுக்குப் போச்சு?"

அங்கிள் முகம் சுண்டிப்போய்விட்டது. ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய், பணம் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னை எடுத்து வந்து எல்லோர் முன்னாலும் எண்ணினார். நோட்டில் இருந்த இருப்பை விட 1,800 ரூபாய் அதிகமாகவே இருந்தது. அவர் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை, தவறுதலாக இரண்டு முறை எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் "அடுத்த வருஷம் வேற யாராவது பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டு டின்னை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். என் கையெழுத்து அவருக்குப் பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டும். அன்று அது எதற்கும் உதவவில்லை.

அன்று ராத்திரி அகராதியை எடுத்தேன். நான் எழுதிய வார்த்தைக்கு உண்மையில் என்னதான் அர்த்தம்?

'ஸ்க்ரூட்டினி'யின் லத்தீன் வேரில் இருப்பது 'ஸ்க்ரூட்டா'. அதாவது கந்தல், குப்பை. குப்பையைக் கிளறி ஒவ்வொன்றாகத் தேடுவதுதான் ஸ்க்ரூட்டினி. எங்கள் ஏரிக்கரையில் முன்பு குப்பை கொட்டிக் கிடந்த நாட்களில், குனிந்த தலை நிமிராமல் பழைய சாமான் பொறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மூடியைக்கூட விடமாட்டார்கள். அவர்கள் செய்ததுதான் ஸ்க்ரூட்டினி. நான் செய்தது மேட்ச் பார்த்தது :-)

'எக்ஸாமின்' தராசில் இருந்து வந்தது. 'எக்ஸாமென்' என்றால் தராசு முள். நம்முடைய 'சீர்தூக்கிப் பார்த்தல்' அப்படியே அதுதான். 'வவுச்' என்றால் சாட்சிக்குக் கூப்பிடுவது. நோட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு ரசீது வந்து சாட்சி சொல்ல வேண்டும். ஒரே சாட்சி ஜெராக்ஸ் வேஷத்தில் இரண்டு தடவை வந்ததை நான் கவனிக்கவில்லை. 'பெரூஸ்' தான் பாவம். கருத்தாகப் படிப்பது என்றும் மேலோட்டமாகப் புரட்டுவது என்றும் இரண்டு அர்த்தமும் இன்று அகராதியில் இருக்கிறது. மனுவில் நாம் எழுதும் 'தங்கள் மேலான பார்வைக்கு' மாதிரி!

எனக்கு மிகவும் பிடித்தது 'ஆடிட்'. லத்தீனில் 'கேட்டல்'. அந்தக் காலத்தில் கணக்கை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்பார்களாம். தமிழில் 'கேட்பது' என்றால் காதால் கேட்பதும்தான், கேள்வி கேட்பதும்தான். 1972-ல் கட்சியில் எம்.ஜி.ஆர். 'கணக்கு கேட்டார்' என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சியே தொடங்கினார். காதால் மட்டும் கேட்டால் அது பாதி ஆடிட்தான்.

தமிழிலும் இப்படித்தான். துணியை அலசுகிறோம், விஷயத்தையும் அலசுகிறோம். தேங்காயைத் துருவுகிறோம், கேள்வியும் துருவித் துருவிக் கேட்கிறோம். இந்த வார்த்தைகள் எல்லாவற்றிலும் ஒரு கைவேலை ஒளிந்திருக்கிறது. வேலையைச் செய்யாமல் வார்த்தையை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்வதில்தான் வம்பு.

ஆடிட்டிங் படித்தவர்களுக்கு 1896-ன் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு தெரிந்திருக்கும். ஆடிட்டர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்ற தீர்ப்பு. பரீட்சைக்கு இதோடு நிறுத்திவிடுவோம். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் அடிவரை தோண்ட வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். இருப்பு எவ்வளவு என்று ஆடிட்டர் நேராக வங்கியிடம் கேட்க வேண்டும். அந்தக் கடிதங்களை அனுப்புவதையும் வாங்குவதையும் சத்யத்திடமே விட்டுவிட்டார்கள் என்று 2011-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் சொன்னது. அவர்களுக்கு 5,040 கோடி, எனக்கு 1,800 ரூபாய். தொகைதான் வேறு.

இந்த வருடம் புதுப் பொருளாளரிடம் நானே போய் நோட்டைக் கேட்டு வாங்கினேன். மூன்று சாயங்காலம் ஆனது. கடைசிப் பக்கத்தில் இந்தத் தடவை தமிழில் எழுதினேன்: "42 ரசீதுகளையும் நோட்டோடு ஒப்பிட்டேன். டின்னில் உள்ள பணத்தை எண்ணினேன். லாரிக்காரரிடம் விசாரிக்கவில்லை."

நோட்டீஸ் போர்டில் அதைப் படித்துக்கொண்டிருந்த பழைய பொருளாளர் அங்கிளிடம், போன வருடமே கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டேன். "பரவால்ல தம்பி. ஆனா லாரிக்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடு" என்றார்.

நாளைக்குப் போய்க் கேட்க வேண்டும்.